பச்சை உண்டா என்று பார்த்தல்

நுவரெலியாப் பகுதியில் தை, மாசி மாதங்களிற் சில இரவுகளில் உறைபனி விழும். காலையிற் சென்று பார்த்தால், முதல்நாள் வரை தளதளவென்று நின்ற தேயிலைச் செடிகள் நெருப்புப் பட்டவை போலக் கருகி நிற்கும். தோட்டத்துக்குப் புதிதாக வந்தவன் மலை முழுவதும் செத்துவிட்டதென்று எண்ணுவான். அனுபவமுள்ள கங்காணி அவ்வாறு சொல்லமாட்டார். கவ்வாத்துக் கத்தியை எடுத்துக் கிளையின் பட்டையைச் சிறிது கீறிப் பார்ப்பார். உள்ளே பழுப்பு நிறம் தெரிந்தால் அக்கிளை போயிற்று. பச்சை தெரிந்தால், இலை கருகினாலும் கிளைக்கு உயிர் இருக்கிறது. காத்து வந்தால் மீண்டும் தளிர்க்கும். இறந்தது எது, இறந்ததுபோற் கிடப்பது எது என்று பிரித்தறிய அவருக்கு அந்த ஒரு கீறல் போதும்.

மனித மூளைக்கும் இத்தகைய கீறல் ஒன்று வேண்டியிருந்தது. கத்தி படாமற் கீறும் அந்தக் கருவி கிடைத்த பின்னரே, பாரிசவாதத்துக்கு மருந்து தேடும் ஆராய்ச்சி இருட்டிலிருந்து வெளிவரத் தொடங்கியது. அந்த வரலாற்றை இலக்கிய அன்பர்கள் முன் வைக்கத் தமிழாசிரியன் ஒருவன் துணிவதேன் என்று கேட்கலாம். காரணம் சொந்த வீட்டிலிருந்து வந்தது.

2011ஆம் ஆண்டு மார்கழியில் ஒரு விடியற்காலை. ஹட்டனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றின் லயத்தில் என் அன்னையார் பாயிலிருந்து எழ முயன்று எழமுடியாமற் கிடந்தார். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த வலக்கை அசையவில்லை. வாய் ஒருபுறம் கோணியிருந்தது. தங்கை முச்சக்கர வண்டி ஒன்றைப் பிடித்து, வளைவுப் பாதையில் இறக்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தாள். யானும் போய்ச் சேர்ந்தேன். இளம் வைத்தியர் ஒருவர் அன்போடு கேட்ட முதற் கேள்வி, “எத்தனை மணிக்குத் தொடங்கியது?” என்பதே.

“தெரியலீங்க ஐயா. ராத்திரி படுக்கும்போது நல்லாத்தான் இருந்தாங்க. விடிஞ்சு பார்த்தா இப்படி” என்றாள் தங்கை.

வைத்தியர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், கட்டியைக் கரைக்கும் மருந்து என ஒன்று உண்டு, அதனைக் குறித்த மணி நேரத்துக்குள்ளேதான் கொடுக்கலாம், தொடங்கிய நேரம் தெரியாதவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று விளக்கினார். அவர் சொன்னது அக்காலத்து மருத்துவ விதி. அவர்மேற் குறை கூற யாதொன்றும் இல்லை. அன்னையார் அதன்பின் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தார். என் பெயரை மட்டும் மறுபடி முழுமையாகச் சொன்னாரில்லை.

அந்தக் கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. நேரம் தெரியாது என்பதனால் மூளையும் இறந்துவிட்டது என்று ஆகிவிடுமா? பட்டையைக் கீறிப் பார்க்க வழியே இல்லையா?

புறநிழல்

பாரிசவாதம் இருவகைப்படும். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயைக் கட்டி ஒன்று அடைத்துக்கொள்வது ஒருவகை. குழாய் வெடித்து இரத்தம் கசிவது மற்றொரு வகை. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயின் முன்னதற்குரிய மருந்து பின்னதற்கு நஞ்சாகும். ஈண்டு யாம் பேசுவது அடைப்பினால் வரும் பாரிசவாதத்தைப் பற்றியே.

நலமுள்ள மூளையில் 100 கிராம் திசுவுக்கு நிமிடந்தோறும் ஏறக்குறைய 50 மில்லிலீற்றர் இரத்தம் பாய்கிறது. அது 20க்குக் கீழே இறங்கினால் நரம்புக்கலங்கள் வேலையை நிறுத்திவிடும். 10க்குக் கீழே இறங்கினால் சிறிது நேரத்திற் செத்துவிடும். இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட பகுதியே முக்கியமானது. அங்குள்ள கலங்கள் வேலை செய்யமாட்டா, ஆனால் உயிரோடிருக்கும். கை அசையாது, சொல் வராது. எனினும் இரத்தம் மீண்டும் பாய்ந்தால் இரண்டும் திரும்பக்கூடும்.

ஆஸ்ட்ரப், ஸீஷோ, சைமன் என்னும் அறிஞர் மூவர் 1981ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்று இப்பகுதிக்குரிய பெயரை நிலைபெறச் செய்தது. கிரகண காலத்தில் கருநிழலைச் சூழ்ந்து அரைகுறை ஒளியோடு தோன்றும் வட்டம் உண்டன்றோ? அந்தப் புறநிழலின் பெயரையே இதற்குச் சூட்டினர். நடுவிலே இறந்த கரு; அதனைச் சூழ இறவாத புறநிழல். நேரஞ் செல்லச் செல்லக் கரு வளரும், புறநிழல் சுருங்கும். பெரிய குழாய் ஒன்று அடைபட்டவருக்கு நிமிடத்துக்கு 19 இலட்சம் நரம்புக்கலங்கள் அழிகின்றன என்று அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006ஆம் ஆண்டில் கணக்கிட்டார்.

அஃது ஒரு சராசரிக் கணக்கு. எல்லார்க்கும் அழிவு ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. ஓடை வற்றிய காலத்திலும் பக்கத்து ஊற்றினால் ஈரங்காயாத மலைகள் நம் தோட்டங்களில் உண்டு. அதுபோல, பக்கக் குழாய்கள் நன்கு அமைந்தவர்க்குப் புறநிழல் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அவை அமையாதவர்க்கு ஒரு மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடும்.

கடிகாரத்தின் ஆட்சி

1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 624 நோயாளிகளைக் கொண்டு நடந்த சோதனையில், அல்டெப்ளேஸ் என்னும் கரைப்பு மருந்தை 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் உண்டு என்று நிறுவப்பட்டது. பாரிசவாத வைத்தியத்தில் அது பெருந்திருப்பம். 2008ஆம் ஆண்டில் ஐரோப்பியச் சோதனை ஒன்று அவ்வெல்லையை நான்கரை மணியாக நீட்டியது. அந்த மருந்துக்கு ஆபத்தும் உண்டு. முதற் சோதனையிலேயே, நிலைமையை மோசமாக்கும் மூளை இரத்தக்கசிவு மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 6.4 பேருக்கும், பெறாதோரில் 0.6 பேருக்கும் நேர்ந்தது. ஆதலின் காலங்கடந்து கொடுக்க வைத்தியர்கள் அஞ்சினர். கடிகாரம் வாயிற்காவலனாயிற்று.

புதிய மருந்துகளைத் தேடிய ஆராய்ச்சியாளரும் அக்காவலனையே நம்பினர். பலன் மிகக் குறைவு. 2006ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கணக்கெடுப்பின்படி, பாரிசவாதத்துக்காக ஆய்வுக்கூடங்களில் முயன்று பார்க்கப்பட்ட வைத்தியங்கள் 1,026. அவற்றுள் மனிதரிடம் சோதிக்கப்பட்டவை 114. மூளையைக் காப்பதற்கென வந்தவற்றுள் ஒன்றேனும் அதுவரை கரையேறவில்லை. என்.எக்ஸ்.வை. 059 என்னும் மருந்து 2006ஆம் ஆண்டில் நம்பிக்கை தந்தது. 3,000க்கு மேற்பட்டோரைச் சேர்த்து நடத்திய அடுத்த சோதனையில், 2007ஆம் ஆண்டில், அதுவும் வீழ்ந்தது.

தோல்விக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை நம் தோட்டத்தில் வைத்தே விளங்கிக்கொள்ளலாம். பனியிற் கருகிய மலை ஒன்றில் புதிய உரம் ஒன்றைச் சோதிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சில செடிகள் வேரோடு செத்தவை. அவற்றுக்கு எந்த உரமும் பயன்படாது. சில செடிகள் பனியே படாதவை. அவை உரமில்லாமலே தளிர்க்கும். உரத்தின் வலிமையைக் காட்டக்கூடியவை, கருகியும் உள்ளே பச்சை உள்ள செடிகளே. மூன்றையும் ஒன்றாகக் கலந்து எண்ணினால் நல்ல உரமும் வீணானதுபோலத் தோன்றும். அந்த மயக்கத்தைக் கடக்க ஆயிரக்கணக்கான செடிகள் வேண்டும்.

கடிகாரத்தை மட்டும் நம்பிய சோதனைகளில் இதுவே நடந்தது. ஆறு மணி நேரத்துக்குள் வந்தவர் என்னும் ஒரே தகுதியால், மூளை முற்றும் இறந்தவரும், கட்டி தானே கரைந்துவிட்டவரும், புறநிழல் உள்ளவரும் ஒரே பட்டியலில் அடங்கினர்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், வைத்தியன் கருதவேண்டியவையாக நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் சேர்த்தே கூறினார். நவீன மருத்துவம் இந்நோயைப் பொறுத்தவரை காலத்தை மட்டும் இறுகப் பற்றியிருந்தது. நோயின் அளவை உயிருள்ளபோதே அளக்க அதனிடம் கருவி இல்லை என்பதே காரணம்.

படம் என்னும் கீறல்

1971ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி, லண்டனிலுள்ள அட்கின்சன் மோர்லி ஆஸ்பத்திரியில், ஹௌன்ஸ்ஃபீல்ட் என்னும் பொறியியலாளர் அமைத்த சி.ரி. ஸ்கேன் கருவி முதன்முறையாக உயிருள்ள நோயாளி ஒருவரின் மூளையைப் படமெடுத்தது. அதற்காக அவரும் கோர்மக் என்பாரும் 1979ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். இக்கருவி இரத்தக்கசிவை உடனே காட்டும். அடைப்பினால் வாடும் திசுவை முதற் சில மணி நேரத்தில் தெளிவாகக் காட்டாது.

அக்குறையை நீக்க உதவியது எம்.ஆர்.ஐ. கருவி. வாடும் கலங்களுக்குள் நீர் புகுந்து அவை வீங்கும்போது, நீர் மூலக்கூறுகளின் இயல்பான அசைவு தடைப்படுகிறது. அத்தடையையே படமாக்கலாம் என்று 1980களிற் கண்டனர். 1990ஆம் ஆண்டில் மைக்கல் மோஸ்லி என்பாரும் அவருடைய தோழர்களும் பூனைகளை ஆராய்ந்து, அடைப்பு நேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அப்படத்தில் சேதம் தெரிவதைக் காட்டினர். இது நீரசைவுப் படம். நரம்பினுள் மருந்து ஒன்றைச் செலுத்தி, இரத்தம் எங்கே வேகமாகவும் எங்கே தயங்கியும் செல்கிறது என்று அளப்பது குருதியோட்டப் படம். பின்னதைச் சி.ரி. கருவியாலும் எடுக்கலாம்.

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கவேண்டும். குருதியோட்டம் குறைந்த பகுதி பெரிதாகவும், இறந்த பகுதி சிறிதாகவும் இருந்தால், இடையிலுள்ள வேறுபாடே ஏறக்குறையப் புறநிழல். பட்டைக்குள் பச்சை தெரிகிறது என்று பொருள்.

தொடக்கநிலை மருந்துச் சோதனையில் இப்படம் மூன்று உதவிகளைச் செய்கிறது. முதலாவது, யாரைச் சேர்ப்பது என்று தெரிந்தெடுக்கிறது. இரண்டாவது, எந்த அளவு மருந்து வேலை செய்கிறது என்பதைக் காட்டுகிறது. மூன்றாவது, விடையை விரைந்து தருகிறது. நோயாளி நடக்கிறாரா, பேசுகிறாரா என்று அறிய வழக்கமாக 90 நாள் காத்திருப்பர். மறுநாட் படத்திலேயே குழாய் திறந்ததா, கரு வளர்ந்ததா என்று பார்த்துவிடலாம்.

ஒரே மருந்து, இருவேறு சோதனைகள்

இதனை மெய்ப்பிக்கும் சிறந்த எடுத்துக்காட்டு டெனெக்டெப்ளேஸ் என்னும் மருந்தின் கதை. இஃது அல்டெப்ளேஸைத் திருத்தி அமைத்தது. அல்டெப்ளேஸைச் சிறிதளவு ஊசியாக ஏற்றி, எஞ்சியதை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகச் செலுத்தவேண்டும். டெனெக்டெப்ளேஸோ உடலில் நெடுநேரம் தங்குவதால் ஒரே ஊசியோடு முடிந்துவிடும். எவ்வளவு கொடுப்பது என்பதே கேள்வி.

அமெரிக்காவில் ஹேலி என்பாரின் குழுவினர், குருதியோட்டப் படத்தால் ஆளைத் தெரிந்தெடுக்கும் முறையின்றி, 3 மணி நேரம் என்னும் கடிகார விதியின்படி இச்சோதனையைத் தொடங்கினர். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1, 0.25, 0.4 மில்லிகிராம் என மூன்று அளவுகள் அல்டெப்ளேஸோடு ஒப்பிடப்பட்டன. 0.4 இடையிற் கைவிடப்பட்டது. நோயாளிகள் மெல்ல மெல்லவே வந்து சேர்ந்தமையால், 112 பேரோடு சோதனையை நிறுத்தவேண்டியதாயிற்று. 2010ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தபோது, எஞ்சிய இரு அளவுகளில் எது சிறந்தது என்று சொல்ல இயலவில்லை.

அவுஸ்திரேலியாவில் மார்க் பார்சன்ஸ் என்பாரின் குழு வேறு வழியைக் கைக்கொண்டது. 6 மணி நேரத்துக்குள் வந்தவர்களுள், குழாய் அடைபட்டிருப்பதும், இரத்தம் குறைந்த பகுதி இறந்த பகுதியைவிட 20 சதவீதமேனும் பெரிதாயிருப்பதும் படத்தில் தெரிந்தவர்களையே சேர்த்தனர். மொத்தம் 75 பேர். திருவுளச்சீட்டுப் போடுவது போன்ற முறையில் அவர்களை 25 பேர் கொண்ட மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு அல்டெப்ளேஸ். மற்றைய இரண்டுக்கும் டெனெக்டெப்ளேஸ் 0.1, 0.25 அளவுகளில்.

முடிவு 2012ஆம் ஆண்டில் வெளிவந்தது. மறுநாட் படத்தில், டெனெக்டெப்ளேஸ் பெற்றோருக்கு இரத்தங்குறைந்த பகுதியில் சராசரி 79 சதவீதத்திலும், அல்டெப்ளேஸ் பெற்றோருக்கு 55 சதவீதத்திலும் குருதியோட்டம் மீண்டிருந்தது. 0.25 அளவே மேலானது என்பதும் தெளிவாயிற்று. அந்த அளவைப் பெற்றவர்களுள் 72 சதவீதத்தினர் 90 நாட்களின் பின் பெருங்குறை இன்றி இருந்தனர். அல்டெப்ளேஸ் பெற்றோரில் அத்தகையோர் 40 சதவீதம். கீறிப் பார்க்காத 112 பேர் சொல்லமுடியாத விடையைக் கீறிப் பார்த்த 75 பேர் சொல்லிவிட்டனர்.

எனினும் 75 பேரின் சொல் முடிந்த முடிபு ஆகாது. அடுத்து எவ்வழியிற் செல்வது என்று காட்டும் கைகாட்டியே அது. 2018ஆம் ஆண்டில் 202 பேரைக் கொண்ட மற்றொரு அவுஸ்திரேலியச் சோதனை அவ்வழியிற் சென்றது. 2022ஆம் ஆண்டில் கனடாவில், பிஜோய் மேனன் முதலானோர் ஏறக்குறைய 1,600 பேரைச் சேர்த்து, 0.25 அளவு அல்டெப்ளேஸுக்குக் குறைந்ததன்று என்று நிறுவினர். 2025ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் பாரிசவாதத்துக்கு அம்மருந்தை அனுமதித்தது. 0.4 அளவைத் தொடர்ந்து முயன்ற நோர்வேச் சோதனை ஒன்றோ, தீங்கு மிகுந்தமையால் நிறுத்தப்பட்டு, 2022ஆம் ஆண்டில் அச்செய்தியை வெளியிட்டது. அளவைத் தொடக்கத்திலேயே சரியாகக் கண்டுகொள்வது எத்தனை உயிர்களைப் பற்றியது என்பது இதனால் விளங்கும்.

வௌவால் தந்த பாடம்

படத்தைப் புகழ்ந்து மட்டும் நிறுத்தினால் யான் பாதி உண்மையைச் சொன்னவனாவேன்.

தென்னமெரிக்காவில் இரத்தங்குடிக்கும் வௌவால் ஒன்று உண்டு. கடித்த இடத்தில் இரத்தம் உறையாதிருக்க அதன் எச்சிலில் ஒரு பொருள் சுரக்கிறது. அதனைப் பின்பற்றிச் செய்யப்பட்டது டெஸ்மொடெப்ளேஸ் என்னும் மருந்து. எம்.ஆர்.ஐ. படத்திற் புறநிழல் தெரிந்தவர்களை 3 முதல் 9 மணி நேரத்துக்குள் சேர்த்து நடந்த முதற் சோதனையின் முடிவு 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. சேர்ந்தவர் 104 பேர். தொடக்கத்திற் கொடுத்த பெரிய அளவுகளால் நூற்றுக்கு 26 பேருக்கு மேல் இரத்தக்கசிவு நேர்ந்தது. உடனே அளவைக் குறைத்தனர். குறைத்த அளவுகளுள் மிகுந்ததைப் பெற்றோரில் 71 சதவீதத்தினருக்கும், வெறுமருந்து பெற்றோரில் 19 சதவீதத்தினருக்கும் குருதியோட்டம் மீண்டது. ஆராய்ச்சி உலகம் மகிழ்ந்தது.

2009ஆம் ஆண்டில் 186 பேரைக் கொண்ட அடுத்த சோதனை அம்மகிழ்ச்சியைக் கலைத்தது. வெறுமருந்து பெற்றவர்களில் 46 சதவீதத்தினர் நலம்பெற்றனர். மருந்தின் ஓர் அளவைப் பெற்றவர்களில் 47 சதவீதம், மற்றோர் அளவைப் பெற்றவர்களில் 36 சதவீதம். இலேசான நோயுற்றோரும், குழாய் அடைப்பே படத்திற் காணப்படாதோரும் பலர் சேர்ந்துவிட்டனர் என்று பின்னர் ஆராய்ந்து கூறினர். அடைப்பு உள்ளவர்களையே தெரிந்தெடுத்து 2015ஆம் ஆண்டில் முடிவு கூறிய மூன்றாம் சோதனையும் மருந்தின் பலனைக் காட்டவில்லை.

படம் கூறியது பொய்யன்று. ஆனால் படம் தேறுவதும் மனிதர் தேறுவதும் ஒன்றல்ல. என் அன்னையாரின் மூளைப்படத்தில் ஒரு புள்ளி சுருங்கியது என்று யாரேனும் சொல்லியிருந்தால், அது எங்களுக்கு என்ன ஆறுதல்? அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்தாரா என்பதன்றோ கேள்வி. மறுநாட் படம் ஆராய்ச்சியாளருக்கு வழிகாட்டலாம். தொண்ணூறாம் நாளின் மனிதரே தீர்ப்புக் கூறவேண்டியவர்.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. படம் தெரிந்தெடுக்கும்போது, கூடவே தள்ளியும் விடுகிறது. குழாய் வழியே கம்பியைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் முறையை 2015ஆம் ஆண்டில் ஐந்து சோதனைகள் நிலைநாட்டின. நெதர்லாந்துச் சோதனைக்கு 500 பேர் வேண்டியிருந்தது. குருதியோட்டப் படத்தாற் கடுமையாகத் தெரிந்தெடுத்த அவுஸ்திரேலியச் சோதனைக்கு 70 பேரே போதியதாயிற்று. ஆனால் இறந்த பகுதி பெரிதாக உள்ளது என்று இத்தகைய படங்கள் தள்ளியவர்களிலும் பலர் அம்முறையாற் பயனடைவர் என்பதை 2022ஆம் ஆண்டில் யப்பானியச் சோதனையும், அதன்பின் வந்த பிறவும் காட்டிவிட்டன. சோதனையிற் சேர்ப்பதற்கு இட்ட வேலியை வைத்தியம் பெறுவதற்குரிய வேலியாக எண்ணிவிடலாகாது. முன்னது விடையைத் தெளிவாகக் காண்பதற்கு இட்டது. பின்னதை இடுவதற்கு வேறு ஆதாரம் வேண்டும்.

உறங்கி எழுந்தோர்

இனி என் தங்கையின் விடைக்கு வருகின்றேன். பாரிசவாதமுற்றோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், உறங்கி எழும்போதே அதனோடு எழுகின்றனர். நேரம் தெரியாத அவர்கள் அனைவரையும் கடிகாரம் நெடுங்காலம் வாயிலிலேயே நிறுத்தியிருந்தது.

எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு நுட்பம் உண்டு. நீரசைவுப் படத்தில் சேதம் விரைவில் தெரியும். மற்றொரு வகைப் படத்தில் அதே சேதம் தெரியச் சில மணி நேரம் செல்லும். முதற் படத்தில் தெரிந்து இரண்டாவதில் தெரியாதிருந்தால், நோய் தொடங்கி நான்கரை மணி நேரம் ஆகியிராது என்று பெரும்பாலும் கொள்ளலாம். திசுவே நேரம் சொல்லுகிறது. ஜேர்மனியிலிருந்து வழிநடத்தப்பட்ட ஐரோப்பியச் சோதனை ஒன்று இவ்வடையாளம் உள்ளவர்களுக்கு அல்டெப்ளேஸைக் கொடுத்துப் பார்த்து, 2018ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. பணம் போதாமையால் 503 பேரோடு நின்ற சோதனை அது. மருந்து பெற்றோரில் 53 சதவீதத்தினரும், பெறாதோரில் 42 சதவீதத்தினரும் குறையின்றியோ சிறு குறையோடோ மீண்டனர். மரணம் மருந்து பெற்றோரிடம் சற்று அதிகமாயிருந்தது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. அதே ஆண்டில், 6 முதல் 24 மணி நேரம் சென்றவர்களிலும் படத்தால் தெரிந்தெடுத்துக் கட்டியை இழுத்தெடுக்கலாம் என்று 206 பேரைக் கொண்ட அமெரிக்கா முதலிய நாடுகளின் சோதனை காட்டியது. தம் காரியத்தைத் தாமே பார்க்கும் நிலையை வைத்தியம் பெற்றோரில் 49 சதவீதத்தினரும், பெறாதோரில் 13 சதவீதத்தினரும் அடைந்தனர்.

2011இல் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு 2018இல் வேறு விடை கிடைத்தது. அவ்விடையைத் தந்தவர்கள் ஆராய்ச்சியாளர் மட்டுமல்லர். பேச்சிழந்து கிடந்த நிலையில், தம் உறவினர் சொன்ன ஒரு ‘சரி’யினாற் சோதனையிற் சேர்ந்த பெயரறியா நோயாளிகளும் ஆவர்.

நம் மலைகளில்

நம் மலைநாட்டுக்கு இவற்றாற் பயன் யாது? லயத்திலிருந்து பெருவீதிக்கும், பெருவீதியிலிருந்து ஸ்கேன் கருவி உள்ள ஆஸ்பத்திரிக்கும் செல்லும் தொலைவை மைலாற் கணக்கிடுவதில் பொருளில்லை. வளைவுகளாலும் மழையாலும் கணக்கிடவேண்டும். 2016ஆம் ஆண்டில் இந்திய உதவியோடு தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 இலக்க அம்பியூலன்ஸ் சேவை அத்தொலைவைச் சிறிது குறைத்துள்ளது. இங்கு வாழ்வோர் நேரங்கடந்து போய்ச் சேர்வோர். அதிகாலையில் எழுந்து வேலைக்குச் செல்வோர். ஆதலின் கடிகாரத்தால் மிகுதியாகத் தள்ளப்படுவோர். கடிகாரத்துக்குப் பதில் திசுவைக் கேட்கும் வைத்தியமும், ஒரு மணி நேரச் சொட்டுமருந்துக்குப் பதில் ஒரே ஊசியோடு அடுத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் மருந்தும் எவரைவிடவும் நமக்கே தேவை.

தேவை உள்ள இடத்திற் சோதனை நடப்பது அரிதாகவே உள்ளது. மேலே கூறிய எண்கள் பெரும்பாலும் செல்வநாடுகளின் எண்கள். ஆயினும் நம் நாட்டிற் சோதனை நடத்த இயலாதென்று சொல்வதற்கில்லை. உயர் இரத்த அழுத்தத்துக்கு மூன்று மருந்துகளைச் சிறு அளவிற் சேர்த்த ஒரே மாத்திரையை இலங்கையில் 700 பேரிடம் சோதித்து, 2018ஆம் ஆண்டில் உலகறிய முடிவு கூறினர். ஆறு மாதத்தில் அதனைப் பெற்றோரில் 70 சதவீதத்தினரும், வழக்கமான வைத்தியம் பெற்றோரில் 55 சதவீதத்தினரும் குறித்த அளவுக்கு அழுத்தம் தணிந்தனர். பாரிசவாதத்துக்கு வேர் உயர் இரத்த அழுத்தம் என்பதை நினைக்கும்போது இச்சோதனையின் அருமை விளங்கும்.

இவ்விடத்தில்தான் ஆசிரியர்க்கும் தமிழ் கற்றோர்க்கும் ஒரு கடமை எழுகின்றது. இத்தகைய சோதனை ஒன்று நாளை நம் ஊருக்கு வருமாயின், நோயாளியின் மகனிடமோ மகளிடமோ ஒரு தாளை நீட்டிச் சம்மதம் கேட்பார்கள். யோசிக்க நாட்கள் இரா, நிமிடங்களே இருக்கும். வெறுமருந்து என்றால் என்ன, திருவுளச்சீட்டுப் போலப் பிரிப்பது ஏன், படத்தில் நலம் தெரிவதற்கும் அம்மா எழுந்து நடப்பதற்கும் என்ன வேறுபாடு, வேண்டாமென்று சொன்னாலும் வழக்கமான வைத்தியம் கிடைக்குமா என்பவற்றை, கொழுந்து நிறுத்துவிட்டு ஓடிவந்த ஒரு மகள் தன் மொழியில் விளங்கிக்கொள்ள வேண்டும். அகராதியிலிருந்து இறக்குமதி செய்த சொற்களால் அது நடவாது. அவள் அறிந்த சொற்களால் உண்மையை மறையாமல் எழுதுவது புலமைக்குரிய பணியே, சிறுபணி அன்று.

அதுவரை நம் மாணவர்க்குச் சொல்லிவைக்கத் தக்கவை சில உள்ளன. ஒருவர் வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், சொல் குழறினால், எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திராமல் உடனே 1990ஐ அழைக்க வேண்டும். நோய் தொடங்கிய நேரம் தெரியாவிட்டால், அவரை நலமாகக் கடைசியாகக் கண்ட நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நேரம் தெரியாது என்பதற்காக வீட்டிலேயே வைத்திருத்தல் ஆகாது. திசுவைக் கேட்கும் முறை இன்று இருக்கிறது.

சென்ற தை மாதத்திலும் உறைபனி விழுந்த ஒரு மலையைக் கடந்து பாடசாலைக்குச் சென்றேன். முதிய கங்காணி ஒருவர் குனிந்து ஒரு கிளையைக் கீறிக்கொண்டிருந்தார். “எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“மேலே பார்த்து முடிவு பண்ணக் கூடாதுங்க, சேர். உள்ளே பச்சை இருக்கு” என்றார்.